ஓசூரில் ஒரு மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் தொட்டியின் நீரைச் செடிப் பாத்தி வழியாகச் சுற்றவிட்டு, அதே நீரை மறுபடியும் மீனுக்கே கொண்டுவந்து சேர்க்கும் வளர்ப்பு முறை. மீன் தின்னும் தீவனத்திலுள்ள புரதத்தில் ஒரு பங்கு அதன் உடலில் சேர்கிறது. மிச்சம் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. பாத்தியின் கற்களில் படிந்து வாழும் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு தொல்லை தருவதில்லை, செடிக்கோ அது தழைச்சத்து. செடி அதை உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்புகிறது. இலை வழியாகவும் வெயிலிலும் போகும் நீரை மட்டும் அவ்வப்போது நிரப்பினால் போதும்.

இங்கே சொல்லப்படுவது, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திரப் பட்டறை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்த ஒருவர், 2018 முதல் 2021 வரை வீட்டின் பின்புறத்தில் ஒரே ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு இம்முறையைக் கற்ற விதம். அந்த ஒருவர் இக்கட்டுரையாளரே.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் கடுமையாக இருக்காது. இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் தளியிலும் அமுதகொண்டப்பள்ளியிலும் ரோஜாவுக்கான பசுமைக்குடில்கள் எழுந்தன. சூளகிரியில் கொத்தமல்லியும் புதினாவும் விளைகின்றன, ராயக்கோட்டைத் தக்காளி லாரி லாரியாகப் போகிறது. ஆனால் தண்ணீர் இவ்வட்டாரத்தின் நெடுநாள் கவலை. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டி இறங்கிவிட்டன. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கிழக்குப் புறத்துக் கழிவுநீரைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை திரண்டு மிதப்பது பல ஆண்டுகளாகச் செய்தித்தாளில் வரும் படம். சோப்புத்தூளின் மிச்சமும் ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் அதில் சேர்ந்திருக்கின்றன. சாக்கடையில் வரும் அம்மோனியா, மீன் தொட்டியில் சேரும் அதே அம்மோனியாதான். ஆற்றைக் கெடுக்கும் அந்தப் பொருளைச் சின்னத் தொட்டியில் கீரையாக மாற்ற முடியும் என்று படித்ததுதான் இந்த முயற்சிக்கு முதல் தூண்டுதல்.

கருத்து இப்பகுதிக்குப் புதிதல்ல. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை மாட்டு வண்டியிலும் பிறகு டிராக்டரிலும் ஏற்றிக் கொல்லையில் கொட்டுவது கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பழைய வழக்கம். மீனும் கொக்கும் நாரையும் ஆண்டு முழுவதும் கழித்தது அந்த வண்டலில்தான் இருக்கும். மெக்சிகோவின் சினாம்பா தோட்டங்களும் தென்சீனத்தின் நெல்–மீன் வயல்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. குழாயும் பம்பும் வைத்த இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவில் நியூ ஆல்கெமி நிறுவனம் 1970களில் செய்த சோதனைகள் ஒரு தொடக்கம். 1980களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி மணல் பாத்தியை வைத்தும், வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி மிதவைப் பலகையை வைத்தும் அதை வளர்த்தெடுத்தார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் சிறு அளவு அக்வாபோனிக்ஸுக்கென்றே 589ஆம் எண் தொழில்நுட்ப நூலை வெளியிட்டது. இங்கே வரும் அளவுகளில் பல அந்நூலின் வழி வந்தவை. வீட்டில் தொட்டி வைக்க நினைப்பவர் வேறு எதையும் படிக்காவிட்டாலும் அதைப் படித்தாக வேண்டும்.

முதல் தேவை தொட்டி. ஓசூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆலைகளுக்கு எண்ணெயும் ரசாயனமும் வரும் 1,000 லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிகள், இரும்புக் கூண்டோடு, காலியானதும் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். கடைக்காரரிடம் கேட்கப்பட்டது:

“இதுல என்ன வந்துச்சுண்ணா?”

“கெமிக்கல்தான் சார். நல்லாக் கழுவிட்டா ஒண்ணும் ஆகாது.”

ஆகும். பிளாஸ்டிக் சிலவற்றை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் எந்தத் தொட்டியையும், சீட்டே இல்லாத தொட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்கக்கூடாது. மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு குளுக்கோஸ் பாகு வந்த தொட்டி ஒன்று கிடைத்தது. வாயைத் திறந்தால் புளித்த வெல்லத்தின் வாசம். அது வெந்நீரால் நான்கு முறை கழுவப்பட்டு, மேல்பகுதி அறுத்துக் கவிழ்க்கப்பட்டுப் பாத்தியானது. கீழே மீனுக்கு 700 லிட்டர். மேலே ஓரடி ஆழப் பாத்தி, பரப்பு 1.2 சதுர மீட்டர். பிறகு 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நெடுக்காக அறுத்து மேலும் இரண்டு பாத்திகள் சேர்க்கப்பட்டன. மொத்தப் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

மாடியில் வைப்பதாக இருந்த திட்டம் ஒரு சின்னக் கணக்கில் கைவிடப்பட்டது. நீர் 700 கிலோ, ஜல்லி அரை டன்னுக்கு மேல், ஜல்லி இடுக்கில் நிற்கும் நீர் வேறு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு டன்னுக்கு மேல் உட்காரும். வீட்டு மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுச் சுமைக்குத்தான் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். மாடித் தோட்டம் என்று சொல்லி ஜல்லிப் பாத்தியை மேலே ஏற்றுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். பின்புறம் துவைக்கும் கல் இருந்த இடம் சமன் செய்யப்பட்டு, தொட்டி அங்கேயே வைக்கப்பட்டது.

பாத்திக்கு முக்கால் அங்குல ஜல்லி. கிருஷ்ணகிரி கருங்கல் பூமி; ஜல்லி கிரானைட்டாகவே கிடைக்கும். கிரானைட் அமிலத்தில் கரையாது என்பதால் நீரின் பி.எச். அளவைக் குலைக்காது. இடையில் சுக்கான்கல் கலந்திருந்தால்தான் சிக்கல். ஒரு கிண்ணம் வினிகரில் கைப்பிடி ஜல்லியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: சுண்ணாம்பு இருந்தால் நுரை பொங்கும். அந்தக் குவியலில் நுரைத்த கற்கள் சிலவே, அவை பொறுக்கி எறியப்பட்டன. கிரஷர் தூசியைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கழுவிய நீர் பால்போல ஓடி, மாலையில்தான் தெளிந்தது.

பாத்தியில் நீர் நிரம்பி, முழுதும் வடிந்து, மறுபடி நிரம்ப வேண்டும். நிரம்பும்போது வேருக்குச் சத்து சேர்கிறது, வடியும்போது இடுக்குகளில் காற்று புகுகிறது. இதைத் தானாகச் செய்வது பெல் சைஃபன். வசுதேவர் தலையில் கூடையோடு நிற்கும் பழைய பித்தளைக் கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீர் ஏறிக் குழந்தைக் கண்ணனின் காலைத் தொட்டதும் கிண்ணம் முழுதும் வடிந்துவிடும். பாத்தியிலும் அதேதான்: நடுவில் நிற்கும் வடிகுழாய், அதன்மேல் கவிழ்த்த பெரிய குழாய், அதன் அடியில் வெட்டிய பற்கள். நீர் வடிகுழாயின் விளிம்பைத் தாண்டி வேகமெடுத்ததும் உள்ளிருக்கும் காற்று வெளியேறி உறிஞ்சல் தொடங்குகிறது. அடியில் காற்று புகுந்ததும் நிற்கிறது. பட்டறையில் மைக்ரான் கணக்கில் வேலை செய்து பழகிய கைக்கும் இது பத்து நாள் பிடி கொடுக்கவில்லை. வரத்து குறைவாக இருந்தால் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், உறிஞ்சல் தொடங்காது. வரத்து கூடினால் தொடங்கிய உறிஞ்சல் நிற்காது. வடிகுழாயின் வாயில் ஒரு ரெட்யூசரைப் புனல்போலப் பொருத்திய பிறகு வழிக்கு வந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்தி பெருமூச்சு விட்டதுபோல ஓசையெழுப்பி வடியும். அந்த ஓசை நின்றால் தூக்கத்திலும் தெரியும் என்ற அளவுக்கு வீட்டார் பழகிவிட்டார்கள்.

நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதன் காரணத்தை, லேத்திலும் சி.என்.சி. இயந்திரத்திலும் வேலை செய்பவர்கள் புத்தகம் இல்லாமலே அறிவார்கள். சனிக்கிழமை இரவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திங்கள் காலை ஓட்டினால் கூலண்ட் அழுகிய முட்டைபோல நாறும். ஓட்டம் நின்ற கூலண்டில் காற்று தீர்ந்துபோய், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பெருகிக் கந்தக வாயுவை உண்டாக்குவதே காரணம். மீன் தொட்டியிலும் பாத்தி மூலையில் கசடு தேங்கினால் அதே வாசம் வரும். நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும்: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அது நான்கரை கிராம் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. கூலண்டின் அடர்த்தியையும் பி.எச். அளவையும் தினமும் பதிவேட்டில் எழுதும் பழக்கம் அப்படியே தொட்டிக்கு வந்தது. தேதி, நீர் வெப்பம், பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், போட்ட தீவனம், குறிப்பு என்று கட்டம் போட்ட நீண்ட நோட்டு ஒன்று துவைக்கும் கல்லின் மேல் கிடந்தது. கற்றதில் பாதி அந்த நோட்டிலிருந்துதான் கற்றது.

நீருக்கு இரண்டு வழி இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, பி.எச். எட்டை நெருங்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஃபுளோரைடு தொல்லைக்காக 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் மென்மையானது, ஆனால் குளோரின் கலந்தது. குளோரின் மீனின் செவுளைச் சுடும், பாக்டீரியாவையும் கொல்லும். குழாய் நீரை டிரம்மில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு ஒருநாள் வைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். இரண்டும் பாதிப் பாதியாகக் கலக்கப்பட்டது. பி.எச். பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 28 பாகை வெப்பத்தில் பி.எச். 7 என்றால், நீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 என்றால் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு நச்சு வடிவில் இருக்கும். சோதனைக் குப்பியில் ஒரே நிறம் தெரிந்தாலும் ஒரு தொட்டியில் மீன் நீந்தும், இன்னொரு தொட்டியில் சாகும்.

எல்லோரும் செய்யும் தவறு இங்கேயும் நடந்தது. நீர் ஓடத் தொடங்கிய நான்காம் நாளே, 2018 ஆகஸ்டில், ஏரியில் பிடித்த இருபது சின்ன ஜிலேபி மீன்கள் விடப்பட்டன. பாக்டீரியா குடியேறி நிலைபெற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும் என்று படித்திருந்தும் பொறுமை இல்லை. முதல் வாரம் அம்மோனியா ஏறியது. இரண்டாம் வாரம் அது இறங்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது என்ற நினைப்பு. நைட்ரைட் குப்பி அடர் ஊதாவாக மாறியதன் பொருள் பிடிபடவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஏழு மீன் மிதந்தன. ஒன்றின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. நைட்ரைட் ரத்தத்தில் புகுந்தால் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் வேறாக மாறிவிடும்; காற்று நிறைந்த நீரிலேயே மீன் மூச்சடைத்துச் சாகும். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போட்டிருந்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளில் புகவிடாமல் தடுத்திருக்கும். அது அன்று தெரியாது. அடுத்த இரண்டு நாளில் மிச்சமும் போயின. கொல்லைக் கொய்யா மரத்தடியில் குழி தோண்டி இருபதையும் புதைத்த பிறகு, மீன் இல்லாமலே தினமும் ஒரு கைப்பிடி தீவனத்தை நீரில் அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை காத்திருக்கும் வேலை தொடங்கியது. அது ஐந்து வாரம் பிடித்தது. பதிவேட்டில் அந்த ஐந்து வாரமும் எண்கள் மட்டுமே இருக்கின்றன.

மீன் எது என்பதற்கு இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. மொசாம்பிக் திலேப்பியா 1952இல் நாட்டுக்குள் வந்தது. கண்டபடி பெருகி ஏரிகளில் மற்ற மீன்களுக்கு இடமில்லாமல் செய்ததால் 1959இல் அதற்குத் தடை வந்தது. நாம் ஜிலேபி என்று சொல்வது பெரும்பாலும் அதன் வாரிசுகளைத்தான். பிலிப்பைன்ஸில் 1988இல் தொடங்கிய இனவிருத்தித் திட்டத்தில் உருவான கிஃப்ட் திலேப்பியாவை வளர்க்க, 2009இன் வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகே வழி பிறந்தது. ஆண் மீன்களை மட்டும், தப்பிப் போகாத அமைப்பில், மீன்வளத் துறையின் அனுமதியோடு வளர்க்க வேண்டும். மீன் குஞ்சுக்குக் கிருஷ்ணகிரிக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கே.ஆர்.பி. எனப்படும் கிருஷ்ணகிரி அணையில் மீன்வளத் துறையின் மீன் பண்ணை இருக்கிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. 2019 மார்ச்சில் கிருஷ்ணகிரியிலிருந்து 30 திலேப்பியாக் குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் பேருந்தில் வந்தன. பையை அவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைப் பைக்குள் கலந்து, பிறகே விட வேண்டும். குஞ்சுகள் நேராகத் தொட்டியின் இருண்ட மூலைக்குப் போய் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டன. மறுநாள் மாலை வரை ஒரு மணித் தீவனத்தையும் தொடவில்லை.

இம்முறையில் செடியையும் மீனையும் இணைக்கும் எண் தீவனத்தின் எடை. கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம். தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு 50 முதல் 80 கிராம். மீன் எத்தனை என்பது அதற்குப் பிறகுதான். நூறு கிராம் தீவனத்தில் 32 விழுக்காடு புரதம் இருந்தால் அதில் ஐந்து கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் மூன்று கிராம் அம்மோனியாவாக வந்தாலும் 700 லிட்டரில் லிட்டருக்கு நாலு மில்லிகிராம் ஆகிவிடும், ஒரே நாளில். பாத்தியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அதை அன்றன்றைக்கே தீர்த்துக்கொண்டிருக்கிறது. மீன் பசியோடு மொய்க்கிறதே என்று ஒரு கை கூடுதலாகப் போடும் அன்பு தொட்டியைக் கெடுக்கும். ஐந்து நிமிடத்தில் தின்று தீராத தீவனம் கூடுதல் தீவனம்.

செடிகளில் பாலக்கும் சிறுகீரையும் முதல் மாதத்திலேயே நன்றாக வந்தன. புதினா அதைவிட நன்றாக வந்தது. மூன்று மாதத்தில் அதன் வேர் சைஃபனைச் சுற்றி வலைபோலப் பின்னி நீரை அடைத்துவிட்டது. புதினாவைப் பொதுப் பாத்தியில் வைக்கக்கூடாது, தனி டிரம்மில்தான் வைக்க வேண்டும். கொத்தமல்லி மே மாதத்தில் இலை விடாமல் பூவுக்குப் போனது. மே நடுவில் பாலக்கின் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு கிடையாது, கடின நீரில் இருப்பதும் செடிக்கு எட்டாது. ரோஜா விவசாயிகளுக்கு உரம் விற்கும் கடைகள் ஓசூரில் நிறைய உண்டு. அங்கே கிடைக்கும் கீலேட் இரும்பிலும் வகை பார்க்க வேண்டும்: இ.டி.டி.ஏ. வகை பி.எச். ஏறினால் பயன்படாது, டி.டி.பி.ஏ. ஏழரை வரை தாங்கும், இ.டி.டி.எச்.ஏ. அதற்கு மேலும் தாங்கும். கடைசி வகையைக் கரைத்து ஊற்றியதும் தொட்டி நீர் முழுதும் செம்பருத்திப்பூ வடிநீர்போலச் சிவந்தது. வீட்டார் பயந்தார்கள், மீன்கள் அதற்குள் சாதாரணமாகத் திரிந்தன. பத்தாம் நாள் வந்த தளிர் கரும்பச்சை. தக்காளிக்குச் சாம்பல்சத்தும் தேவைப்பட்டது. அசுவினி வந்தபோது மருந்தடிக்க வழியில்லை; இலையில் அடிப்பது நீரில் இறங்கி மீனைத் தொடும். வேப்பெண்ணெய்கூட அளவு மீறினால் மீனுக்கு ஆகாது. நீரை வேகமாகப் பீய்ச்சி இலையைக் கழுவுவதும் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுவதும்தான் மிஞ்சின.

தெருவில் கீரைக்கூடை கொண்டுவரும் அம்மா ஒருநாள் பின்புறம் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“கீரையில மீன் கவுச்சி அடிக்காதா சார்?”

“கிள்ளி வாயில போட்டுப் பாருங்கம்மா.”

மென்றவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நாலு கட்டு புதினா அவர் கூடையில் போனது.

மே மாதக் கடைசி வாரத்தில் கோடை மழையோடு ஓர் இரவு மின்சாரம் போனது. பம்பும் ஏர் பம்பும் நின்றன. ஒரு மணி சுமாருக்கு இக்கட்டுரையாளரின் மனைவி டார்ச்சோடு வந்து எழுப்பினார். “ஏங்க, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது.” வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் வட்டமான வாய்கள், நீர் மட்டத்தில் வரிசையாக. பகலில் நிழல் பட்டாலே ஓடுபவை அன்று விரல் பட்டும் நகரவில்லை. இருவரும் மாறி மாறி வாளியில் மொண்டு தலை உயரத்திலிருந்து ஊற்றினார்கள். நீர் விழுந்து உடையும்போது காற்று கலக்கும். நான்கு மணிக்கு மின்சாரம் வந்தபோது இருவராலும் தோளைத் தூக்க முடியவில்லை. நான்கு மீன் செத்திருந்தன, 26 பிழைத்தன. மறுநாளே பழைய யு.பி.எஸ். பேட்டரி ஒன்றும், 12 வோல்ட்டில் ஓடும் ஐந்து வாட் ஏர் பம்ப் ஒன்றும், மின்சாரம் போனதும் தானாக மாறும் ரிலேயும் பொருத்தப்பட்டன. மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம். தொட்டி வாங்கும் நாளிலேயே வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது. ஆக்சிஜன் எப்போதும் விடியலுக்குச் சற்று முன்தான் மிகக் குறைவாக இருக்கும். ஷிப்டுக்குக் கிளம்புமுன் ஐந்து மணிக்குத் தொட்டியைப் பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமானது.

முதல் அறுவடை 2019 டிசம்பரில். 26 மீன், சராசரி 350 கிராம், மொத்தம் ஒன்பது கிலோ. தின்ற தீவனம் 14 கிலோ. களியும் மீன் குழம்பும் வைத்து, அணைக்கட்டுக் கடைகளில் போடுவதுபோலக் காரம் தடவிப் பொரித்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கப்பட்டது. மின்செலவு மாதம் 30 யூனிட். அப்போது இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. மீன் தீவனக் காசை எடுத்தது, கீரையும் புதினாவும் அதற்கு மேல் கொஞ்சம் தந்தன. உழைப்புக்குக் கூலி போட்டால் கணக்கு நிற்காது. இரண்டு சென்ட் இடத்தில் மாதம் லட்சம் என்று சொல்லிப் பயிற்சிக் கட்டணம் வாங்குபவர்களின் கணக்கில் மின்வெட்டு, சாவு, குளிர் எதுவும் இருப்பதில்லை. பணத்தைக் கொட்டும் முன் இரண்டு பருவமாவது ஒரே தொட்டியில் கை பழக வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. கேரளத்தின் செறாயில் வீடுகள் பல சேர்ந்து கூட்டுறவு வங்கியின் துணையோடு இதைச் செய்தது கவனிக்க வேண்டிய முன்மாதிரி. குஞ்சு, தீவனம், விற்பனை மூன்றையும் தனி ஆள் சுமப்பது கடினம்.

இரண்டாம் முறை விட்ட குஞ்சுகள் 2020 ஜனவரியில் ஓசூர்க் குளிரில் மாட்டின. காலையில் நீர் 17 பாகை. திலேப்பியா 20க்குக் கீழே தீவனத்தைத் தொடுவதைக் குறைத்துவிடும், பாக்டீரியாவும் மந்தமாகும். வழக்கமான அளவு போட்டால் அது அடியில் அழுகும். தீவனத்தைக் கால்பங்காக்கி, மதியம் ஒருவேளை மட்டும் போட்டு, தொட்டியைச் சுற்றித் தெர்மாகோலும் இரவில் மேலே கோணியும் போட்டதில் சாவு இல்லை. கற்றுக்கொண்டது: ஓசூரில் பிப்ரவரி கடைசியில் குஞ்சு விட்டு டிசம்பருக்குள் பிடித்துவிடுவது நல்லது.

மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஆலை மூடியது, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி வழி அடைபட்டது, பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த தீவனமும் சோதனைக் குப்பிகளும் நின்றன. நண்பரின் மாட்டுக் கொட்டகையிலிருந்து அசோலா என்னும் மிதக்கும் பெரணி ஒரு வாளி வந்தது. டிரம் ஒன்றில் விட்டதும் சில நாளுக்கொருமுறை இரட்டித்தது. மீன்கள் அதைத் தின்றன. புரதம் குறைந்ததால் வளர்ச்சி மெதுவானது, பாலக் இலையின் பச்சையும் வெளிறியது. எண்கள் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் தொட்டியை நாள் முழுதும் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் மீன், நீர் விழும் இடத்திலேயே கூடும் மீன், நீரின் மேல் உடையாமல் நிற்கும் நுரை, வேரின் வெண்மை மங்குவது என்று ஒவ்வொன்றும் சோதனைக் குப்பிக்கு ஒருநாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. ஊரடங்கு தளர்ந்து குப்பி வந்ததும் ஊகங்களைச் சரிபார்த்தபோது பெரும்பாலும் ஒத்துப்போயின.

பராமரிப்பு அதன்பின் வாரம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. வடிகட்டியாக வைத்திருந்த டிரம்மின் அடியில் சேரும் கறுப்புக் கசடை வாரம் ஒருமுறை திறந்து வாழைக்கு விடுவது. பம்பின் வாயைக் கழுவுவது. பாக்டீரியாவின் வேலையால் மெல்ல இறங்கும் பி.எச். ஆறரையைத் தொட்டதும் சுண்ணாம்பையும் பொட்டாஷையும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாகச் சேர்ப்பது. ஜல்லியை மட்டும் குளோரின் கலந்த குழாய் நீரால் கழுவக்கூடாது. பாத்தியில் விட்ட மண்புழுக்கள் இடுக்குக் கசடைத் தின்று ஜல்லியைக் கழுவும் தேவையைக் குறைத்தன.

2021இல் மத்திகிரியில் இருக்கும் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தொட்டி வைத்தார். வெற்றுத் தொட்டிக்கு ஐந்தாறு வாரக் காத்திருப்பு வேண்டாமென்று, ஓடிக்கொண்டிருந்த பாத்தியிலிருந்து ஒரு வாளி ஜல்லி ஈரம் காயாமல் அள்ளித் தரப்பட்டது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத்தான்: பாக்டீரியா கல்லின் மேல் வழவழப்பான படலமாக இருக்கும், கல்லோடு போகும். வெயில் படாமல் ஈரச் சாக்கில் சுற்றி, அரைமணி நேரத்தில் அவர் பாத்தியின் நடுவில் புதைத்து, தினமும் கொஞ்சம் தீவனம் போட்டு வந்தார். பதின்மூன்றாம் நாள் அவருடைய நைட்ரைட் குப்பி நிறம் மாறாமல் நின்றது. அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரிக்குப் போய் 30 குஞ்சு வாங்கி வந்தார்.